சாமியோடு கோபம் வந்தால் பக்தி போய்விட்டது என்று அர்த்தமில்லை

கேள்வி: எனக்கு 31 வயது. கொட்டாஞ்சேனையில் அம்மாவோடு இருக்கிறேன், கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை. தம்பி கனடாவில். போன வருடம் அப்பா புற்றுநோயில் காலமானார். மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமாக அலைந்த அந்த நாட்களில் கந்தசஷ்டி பிடித்தேன், அப்பா எழும்பி நடந்தால் கதிர்காமத்தில் கற்பூரச்சட்டி எடுக்கிறேன் என்று நேர்த்தியும் வைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. அதற்குப் பிறகு கோயில் வாசலுக்குப் போனாலே நெஞ்சு அடைக்கிறது. வீட்டில் விளக்கு வைக்கக்கூட மனம் வருவதில்லை. விடிய மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குவதில்லை, ஒஃபிஸில் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சில நேரம் அப்பா போன இடத்துக்கே நானும் போய்விட்டால் என்ன என்று தோன்றுகிறது. கோயிலை விட்டதால்தான் இதெல்லாம் என்று அம்மா சொல்கிறா. அம்மாவுக்குத் தெரிந்த ஒருவர், செய்வினை இருக்கிறது, கழிக்க வேண்டும் என்கிறார். கூட வேலை செய்கிற அக்கா உளவளத்துணைக்கு (கவுன்சலிங்) போகச் சொல்கிறா. அங்கே போனால் கடவுள் எல்லாம் பொய் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். போதாததற்கு, கடவுள் நம்பிக்கை உள்ளவர்களுக்கு மனநோய் குறைவு என்று அமெரிக்காவில் ஒரு உளவியல் பேராசிரியர் நிரூபித்திருக்கிறார் என்று சொந்தக்காரர் ஒருவர் அனுப்பியிருந்தார். அப்படியென்றால் என் நம்பிக்கைதான் பொய்யா? எனக்கு வந்திருப்பது வருத்தமா, பாவமா?
– ஒரு வாசகி, கொழும்பு 13

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடைசியில் கேட்ட கேள்விக்குப் பிறகு வருகிறேன். நடுவில் ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே கடந்து போயிருக்கிறீர்கள், அப்பா போன இடத்துக்கே போய்விட்டால் என்ன என்று. எனக்கு அதுதான் முதலில். நேரில் வந்திருந்தால், அந்த நினைப்பு எவ்வளவு அடிக்கடி வருகிறது, வந்தால் உடனே போய்விடுகிறதா இல்லை நின்று பிடிக்கிறதா, எப்படிச் செய்யலாம் என்றுகூட மனம் யோசித்துப் பார்த்திருக்கிறதா என்று ஒளிவுமறைவில்லாமல் கேட்டிருப்பேன். கேட்டால் அந்த எண்ணம் கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததும் அதன் பாரம் குறைகிறதைத்தான் நான் பார்க்கிறேன். ஆகவே இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். உளவளத்துணைக்குப் போகச் சொன்ன அந்த அக்காவிடமே சொல்லலாம். விடிய மூன்று மணிக்கு அந்த நினைப்பு வந்தால் 1926க்கு எடுங்கள், அது அங்கொடையில் இருக்கிற தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். அங்கொடை என்ற பெயரைக் கேட்டதும் பதற வேண்டாம். கொழும்பில் அந்தப் பெயரை ஏச்சாகப் பாவித்துப் பாவித்து எல்லாருக்கும் ஒரு பயம் வந்துவிட்டது. போன் எடுத்ததற்காக யாரும் உங்களைக் கூட்டிக்கொண்டு போய் வார்டில் போடமாட்டார்கள். 1333இலும் கேட்க ஆள் இருக்கிறது. நேரில் கதைக்க வேண்டும்போல இருந்தால் ஹோர்ட்டன் பிளேஸில், மனம் நொந்தவர்கள் சொல்வதைக் கேட்கிற சுமித்ரயோ அமைப்பு இருக்கிறது. நினைப்பு வலுத்து, செய்துவிடுவேனோ என்று உங்களுக்கே பயம் வந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு நேரே தேசிய வைத்தியசாலைக்குப் போங்கள், விடியட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம்.

சரி, இனி உங்கள் கேள்வி. வருத்தமா, பாவமா?

வருத்தம். கடிதத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்டுவது என் வழக்கமில்லை, அதை நேரில் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் நான் எங்கே போகிறேன் என்று உங்களுக்கே தெரியும்: விடியப்புறம் முழித்துப் பிறகு நித்திரை வராமை, சாப்பாடு இறங்காமை, வேலையில் கவனம் நிற்காமை, குற்ற உணர்வு, செத்தால் என்ன என்ற நினைப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் இவை சேர்ந்து நின்றாலே நாங்கள் மனச்சோர்வு நோயா என்று பார்ப்போம், உங்களுக்கு இது மாதக்கணக்காக இருக்கிறதுபோல் தெரிகிறது. அப்பாவை இழந்த துக்கமும் இதற்குள் கலந்து கிடக்கிறது, இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

இதில் அம்மாவும் நீங்களும் ஒரு விஷயத்தைத் தலைகீழாக விளங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோயிலை விட்டதால் வருத்தம் வந்தது என்கிறார் அம்மா. நான் பார்த்த அளவில் பெரும்பாலும் நடப்பது எதிர்ப்பக்கமாக. மனச்சோர்வு வரும்போது எதிலும் ருசி இல்லாமல் போகும், சாப்பாட்டில், பாட்டில், சிநேகிதிகளோடு கதைப்பதில், எல்லாவற்றிலும். அந்த வரிசையில் பிரார்த்தனையும் ஒன்று. சாமி கும்பிடும்போது மனம் இளகுமே, கண் கலங்குமே, அந்த இளக்கமும் அதே மூளையும் அதே மனமும் சேர்ந்து தருவதுதான், அது சோர்ந்து கிடக்கும்போது விளக்கு வைத்தாலும் ஒன்றும் தோன்றாது. பக்தியுள்ள ஒருவருக்கு இது பெரிய பயத்தைத் தரும். கறியில் ருசி இல்லையென்றால் யாரும் தன்னைப் பாவி என்று நினைக்கமாட்டார்கள், கும்பிடுகையில் ருசி இல்லையென்றால் மட்டும் உடனே நினைத்துவிடுகிறோம். அதோடு குற்ற உணர்வு இந்த நோயின் ஒரு குணம். அது எந்த ஆளுக்கு வருகிறதோ அந்த ஆளுக்குத் தெரிந்த பாஷையில் கதைக்கும். கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் “நீ பிழை விட்டுவிட்டாய், திரும்பப் பார்” என்று சொல்லும், விரதம் பிடித்த பிள்ளையிடம் “நீ பாவம் செய்துவிட்டாய்” என்று சொல்லும். உங்களிடம் இரண்டையும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இப்போது அந்தப் பேராசிரியர். சொந்தக்காரர் யாரைச் சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை, இப்படிச் சுற்றிவருகிற செய்திகளில் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஆனால் இந்தத் துறையில் என்னைப் போன்றவர்கள் தினசரி வேலையில் கைக்கொள்கிற ஆய்வு ஒருவருடையது: அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிற போலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த கென்னத் பார்கமென்ட். நோய், இழப்பு, விபத்து என்று தலையில் இடி விழும்போது மனிதர் தங்கள் சமயத்தை வைத்து அதை எப்படித் தாங்குகிறார்கள் என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த விஷயம், 1997இல் அதைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். அவர் சொன்னதைச் சுருக்கி “கடவுளை நம்பினால் மனநோய் வராது” என்று ஆக்கினால் அது அவருடைய வேலையையே பொய்யாக்குவது. நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று கேட்பதை அவர் ஒரு பக்கம் வைத்துவிட்டார். கஷ்டம் வந்த நேரத்தில் அந்த நம்பிக்கை ஆளுக்குள் என்ன செய்கிறது என்றுதான் கேட்டார்.

அப்படிக் கேட்டபோது இரண்டு விதமாகக் கண்டார். சிலருக்குக் கஷ்டத்தில் கடவுள் கூட நிற்கிறார் என்ற எண்ணம் பலம் தருகிறது, மன்னிக்க முடிகிறது, கோயிலில் நாலு சனம் விசாரிக்கிறது, நடந்ததில் ஏதோ ஒரு பொருள் தெரிகிறது. இவர்கள் பொதுவாகத் தாக்குப்பிடிக்கிறார்கள். வேறு சிலருக்கு அதே நேரத்தில் கடவுள் என்னைக் கைவிட்டாரா, இது தண்டனையா, என்மேல் அவருக்கு அன்பே இல்லையா, இது கெட்ட சக்தியின் வேலையா என்ற கேள்விகள் வருகின்றன. இந்த இரண்டாவதை அவர் சமயப் போராட்டம் என்கிறார். ஒருவருக்குள்ளேயே இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இந்தப் போராட்டம் அதிகம் இருப்பவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் இருப்பதை அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். 2001இல் வந்த ஒன்று பலருக்கும் தெரியும்: வைத்தியசாலையில் இருந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 நோயாளிகளை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டாரோ என்பது போன்ற எண்ணங்கள் இருந்தவர்களில் இறப்பு அபாயம் கூடியிருந்தது, எந்த எண்ணம் என்பதைப் பொறுத்து 19 முதல் 28 வீதம் வரை. நோயின் கடுமையையும் மனநிலையையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும்.

இதைப் படித்து நீங்கள் பயப்பட வேண்டியதில்லை, அதனால்தான் விவரமாகச் சொல்கிறேன். அவர்கள் ஏற்கெனவே நோயில் கிடந்த வயதானவர்கள், நீங்கள் 31 வயதுப் பிள்ளை. சந்தேகப்பட்டதற்காகச் சாமி தண்டித்தார் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. இந்த வேதனை சும்மா மனப்பிரமை என்று தள்ளிவிடக்கூடியது இல்லை, உடம்புவரை போகக்கூடிய உண்மையான வேதனை, ஆகவே நோயாளியிடம் அதைப் பற்றி வாய்திறந்து கேளுங்கள் என்று வைத்தியர்களுக்குச் சொல்கிறது. இன்னொன்றையும் அதே குழு கண்டது: போராட்டம் வந்து போனவர்களைவிட, அதிலேயே மாட்டிக்கொண்டு இரண்டு வருடம் கழித்தும் அங்கேயே நின்றவர்களுக்குத்தான் நிலைமை மோசமாக இருந்தது. எனக்கு இதுதான் உங்களிடம் சொல்லப் பெரிய விஷயம். கேள்வி வருவதில் ஆபத்து இல்லை. யாரிடமும் சொல்லாமல் அதோடு வருடக்கணக்காக அறைக்குள் இருப்பதில்தான் ஆபத்து.

பிறகு 2014இல் ஜூலி எக்ஸ்லைன் என்ற பேராசிரியரும் பார்கமென்டும் சேர்ந்து, இந்தப் போராட்டத்தை ஆறு வகையாகப் பிரித்து அளக்க ஒரு கேள்விக்கொத்து செய்தார்கள். கடவுளோடு கோபம். கெட்ட சக்தி பிடித்திருக்கிறதோ என்ற பயம். சமயத்தின் பெயரில் வீட்டாரோடும் மற்றவரோடும் வரும் மனஸ்தாபம். கடமை தவறிவிட்டேனே என்ற உறுத்தல். நம்புவதில் சந்தேகம். வாழ்க்கைக்கு அர்த்தம் என்ன என்ற வெறுமை. உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசியுங்கள். கோயில் வாசலில் நெஞ்சு அடைப்பது, செய்வினை, அம்மாவின் பேச்சு, நிறைவேறாத நேர்த்தி, என் நம்பிக்கை பொய்யா என்ற கேள்வி, அப்பா போன இடத்துக்கே போகலாமா என்பது. ஆறும் இருக்கிறது. உங்களைத் தெரியாத, உங்கள் சமயமும் தெரியாத, பெரும்பாலும் கிறிஸ்தவ மக்களோடு வேலை செய்த அமெரிக்கர்கள் சிலர், கொட்டாஞ்சேனையில் ஒரு பிள்ளை தன் அறையில் இருந்து படுகிற பாட்டை இவ்வளவு கிட்ட வந்து எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த அளவுக்கு இது மனிதருக்குப் பொதுவானது. உங்கள் ஒருவரின் குறை இல்லை.

அமெரிக்காவரை போகவும் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் சைவநெறியில் சுந்தரரைப் படித்திருப்பீர்கள். சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறியதால் கண்பார்வை போய், காஞ்சியில் ஒரு கண் கிடைத்து, மற்றக் கண்ணுக்காகத் திருவாரூரில் போய் நின்றபோது என்ன பாடினார்? உமக்கே மீளா அடிமையாக இருக்கிற நாங்கள் இப்படிக் கஷ்டப்பட, நீர் மட்டும் நன்றாக “வாழ்ந்து போதீரே” என்று பாடினார். சிவனின் முகத்துக்கு நேரே. பாட்டுக்குப் பாட்டு அதே வரி. அந்தப் பதிகத்தைச் சைவ சமயம் ஒளித்து வைக்கவில்லை, ஏழாம் திருமுறையில் வைத்துப் பாடுகிறது, பாடியவரைத் தம்பிரான் தோழர் என்று சொல்லிக் கும்பிடுகிறது. உங்கள் வீட்டுக்குக் கிட்ட, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் போகிற சிநேகிதி யாரும் இருந்தால் கேளுங்கள், சிலுவையில் யேசு சொன்னதே “என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்றுதான், அதுவும் பழைய திருப்பாடல் ஒன்றின் முதல் வரி. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு உங்கள் பகுதியில் எத்தனையோ வீட்டில் இதே கேள்வி எழும்பியிருக்கும், கும்பிடப் போன இடத்திலேயே ஏன் என்று. கோபித்தவர்கள் எல்லாரும் நம்பிக்கை போனவர்கள் இல்லை. இல்லாத ஒருவரோடு யாரும் இவ்வளவு கோபிக்கவும் மாட்டார்கள்.

அந்த நேர்த்தி உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. அப்பா எழும்பவில்லை, ஆகவே எடுக்கத் தேவையில்லையா, இல்லை எடுக்காவிட்டால் இன்னும் ஏதும் நடக்குமா என்று. எடுக்க வேண்டுமா என்பதை நான் சொல்ல முடியாது, நான் ஐயர் இல்லை, நீங்கள் நம்புகிற ஓர் ஐயரிடம், ஆறுதலாக இருந்து கதைக்கக்கூடியவரிடம், கேளுங்கள். ஆனால் உளவியல் தெரிந்தவளாக ஒன்று கேட்கிறேன். நீங்கள் பயப்படுகிற அந்த முருகன் எப்படிப்பட்டவர்? தவணை தவறினால் வீட்டு வாசலில் வந்து நிற்கிற வட்டிக்காரன் மாதிரி இருக்கிறாரா? சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடிவேல் பார்க்கப் போயிருந்தால், அன்றைக்குப் பார்த்த முருகன் இப்படியா இருந்தார்? கடவுளைத் தண்டிக்கிறவராக மனதில் வைத்திருப்பவர்களுக்கும், அன்பாகக் கிட்ட நிற்பவராக வைத்திருப்பவர்களுக்கும் மனநலத்தில் வித்தியாசம் இருப்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். மனச்சோர்வு அந்தப் படத்தையும் கறுப்பாக்கிவிடும் என்பது என் அனுபவம். அது தெளிந்த பிறகு நேர்த்தியைப் பற்றி முடிவெடுங்கள். அதுவரை அப்படியே இருக்கட்டும்.

பார்கமென்டும் கூட இருந்தவர்களும் 1988இல் எழுதிய இன்னொரு விஷயம் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். பிரச்சினை வந்தால் சிலர் எல்லாவற்றையும் கடவுளிடம் விட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள், சிலர் கடவுளைக் கேட்காமல் தாங்களே பார்த்துக்கொள்வார்கள், சிலர் இரண்டு பேருமாகச் சேர்ந்து செய்வார்கள் என்று. சோதனைக்குப் போகும் பிள்ளை “பிள்ளையாரே, நான் படிச்சிட்டன், மிச்சத்தை நீ பார்” என்று தேங்காய் உடைத்துவிட்டுப் போகுமே, அது மூன்றாவது வகை. அந்த வகையில் இருப்பவர்களும், தாங்களே பார்த்துக்கொள்கிறவர்களும் தங்கள்மேல் நம்பிக்கையோடு நடப்பதைக் கண்டார்கள், எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சும்மா இருந்தவர்களிடம் அது குறைவாக இருந்தது. கையில் ஒன்றுமே இல்லாத நிலையில், அப்பாவின் கடைசி நாட்கள் மாதிரி, விட்டுக்கொடுத்துக் கும்பிடுவதும் ஆறுதல்தான். ஆனால் இப்போது உங்கள் நிலைமை அப்படி இல்லை. மருந்து இருக்கிறது, கதைக்க ஆள் இருக்கிறது. உங்கள் பங்கைச் செய்ய இடம் இருக்கிறது.

உளவளத்துணைக்குப் போனால் கடவுள் பொய் என்பார்களோ என்ற பயம் உங்களுக்கு மட்டுமில்லை. என் அறைக்கு வெளியே நின்று நெற்றித் திருநீற்றைக் கைலேஞ்சியால் துடைத்துவிட்டு உள்ளே வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தொப்பியைக் கழற்றிப் பொக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு வருகிறவர்களையும். அதே ஆட்கள் வீட்டுக்குப் போனதும் குளிசை மட்டையைச் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள். இங்கே சமயத்தை மறைத்து, அங்கே மருந்தை மறைத்து, இரண்டு இடத்திலும் பாதி ஆளாக இருந்தால் எப்படிச் சுகமாவது? ஒரு காலத்தில் உளவியலில் சமயத்தையே நோயாகப் பார்த்தவர்கள் இருந்தார்கள், அதை மறுக்கவில்லை. இப்போது நிலைமை வேறு. அமெரிக்க உளமருத்துவர்கள் நோய்களை வகைப்படுத்தும் கையேட்டில் 1994இலேயே சமயம் சார்ந்த பிரச்சினை என்று ஒரு தனி இடம் கொடுத்தார்கள், நோயாக இல்லை, கவனித்துக் கேட்க வேண்டிய விஷயமாக. நம் பக்கத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் போரில் நொந்த சனத்தோடு வேலை செய்தபோது அவரவர் சமயத்தில் இருப்பதையே கையில் எடுத்தார். சைவருக்கு மந்திர ஜெபம், கத்தோலிக்கருக்கு ஜெபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், மனதை அமைதிப்படுத்த. முதல் நாளே உங்கள் உளவளத்துணையாளரிடம் சொல்லுங்கள்: எனக்குச் சாமி முக்கியம், இப்போது அவரோடு கோபம், அதையும் கதைக்க வேண்டும் என்று. முகத்தைச் சுளித்தாலோ, மாறாக “கும்பிட்டால் எல்லாம் சரியாகும்” என்று உபதேசம் தொடங்கினாலோ, வேறு ஆளைப் பாருங்கள். இரண்டுமே அவர் வேலை இல்லை.

அந்தச் செய்வினைக்காரரைப் பற்றி நீட்டிக்கொண்டு போக விருப்பமில்லை. அவரிடம் போக வேண்டாம். பயத்தைக் காட்டிக் காசு கேட்பவர், இத்தனை நாளுக்குள் கழிக்காவிட்டால் இன்னொரு சாவு விழும் என்பவர், டொக்டரின் மருந்தை நிறுத்தச் சொல்பவர், இதை யாரிடமும் சொல்லாதே என்பவர், பட்டினி போடவோ அடிக்கவோ துணிபவர், இதில் ஒன்றைக் கண்டாலும் எழும்பி வந்துவிடுங்கள். அம்மாவின் மனத்திருப்திக்கு வழக்கமாகப் போகிற கோயிலில் ஓர் அர்ச்சனை, கையில் ஒரு நூல் என்றால் அதில் நான் பிழை காணமாட்டேன்.

அம்மாவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவரும் புருஷனை இழந்தவர். மகன் கடல் தாண்டி, வீட்டில் மிச்சம் நீங்கள் ஒருத்தி, நீங்களும் சாப்பிடாமல் கருகிக்கொண்டு வருகிறீர்கள். “கோயிலை விட்டதால்தான்” என்று அவர் சொல்வதை உங்கள்மேல் வைத்த குற்றச்சாட்டாகக் கேட்கிறீர்கள். அவருக்கு அது கையில் இருக்கிற ஒரே வழி, கோயிலுக்குப் போனால் பிள்ளை சரியாகிவிடும் என்று பிடித்துக்கொண்டு இருக்கிறார். அவரோடு கடவுளைப் பற்றி வாதாட வேண்டாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அம்மா, நான் கோயிலை வெறுக்கயில்லை. எனக்கு நித்திரையும் இல்லை, சாப்பாடும் இறங்குதில்லை, டொக்டரிட்டக் காட்டப் போறன், நீங்களும் வாங்கோ. அர்ச்சனை செய்யிறதெண்டா செய்யுங்கோ, எனக்காகவும் கும்பிடுங்கோ. அந்த ஆளிட்ட மட்டும் வேண்டாம்.” எனக்காகவும் கும்பிடுங்கோ என்ற வார்த்தையை விட்டுவிடாமல் சொல்லுங்கள். உங்களால் இப்போது முடியாததை அவர் செய்கிறார், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இனிச் செய்ய வேண்டியது. தேசிய வைத்தியசாலையில் உளமருத்துவக் கிளினிக் இருக்கிறது, காசு இல்லை, ஆனால் நேரம் எடுக்கும், ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள். வசதி இருந்தால் தனியாரில் ஒரு உளமருத்துவரைச் சனல் பண்ணலாம். இரத்தம் சோதிக்கச் சொன்னால் செய்யுங்கள், தைரொயிட் குறைந்தாலும் இரத்தச்சோகை இருந்தாலும் இதே மாதிரிச் சோர்வு வரும், அதைப் பார்த்துவிட வேண்டும். டொக்டர் சிங்களத்தில்தான் கதைப்பார் என்றால் நித்திரை, சாப்பாடு, மருந்து இவ்வளவையும் சிங்களத்தில் சொல்லிச் சமாளிக்கலாம். அப்பாவைப் பற்றி அழுது சொல்வதற்கு அது போதாது, ஆகவே உளவளத்துணைக்கு மட்டும் தமிழில் கதைக்கிற ஆளாகக் கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் காத்திருந்தாலும் பரவாயில்லை.

குளிசை தந்தால் பயப்படாமல் போடுங்கள். மனச்சோர்வுக் குளிசை போட்ட மறுநாளே வேலை செய்யாது, வித்தியாசம் தெரியக் கிட்டத்தட்ட இரண்டு முதல் நாலு வாரம் எடுக்கும், அதற்குள் “இது எனக்குச் சரிவராது” என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். சுகமான பிறகும் மாதக்கணக்கில் தொடரச் சொல்வார்கள், நிறுத்துவதென்றால் டொக்டரிடம் சொல்லி மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். இவை பழக்கமாகி அடிமையாக்கும் வகை இல்லை. நித்திரைக் குளிசை என்று தருவது வேறு, அதைச் சொன்ன நாளுக்கு மேல் நீங்களாகத் தொடர வேண்டாம். முன்பு வந்ததைவிடச் சாகும் நினைப்பு கூடினால் அடுத்த கிளினிக் திகதிவரை நிற்காமல் உடனே போய்ச் சொல்லுங்கள். இந்த வருடம் சஷ்டி பிடிக்க அம்மா சொன்னால், வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஏற்கெனவே சாப்பாடு இறங்காத உடம்பு அது, மருந்தும் தொடங்கினால் வெறும் வயிறு கூடாது. வருத்தக்காரருக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்று ஐயரே சொல்வார்.

விடிய மூன்று மணி முழிப்புக்கு: பாயில் கிடந்து நித்திரையோடு சண்டை பிடிக்க வேண்டாம். எழும்பி வேறு இடத்தில் இருங்கள், வெளிச்சம் குறைவாக, போன் கையில் வேண்டாம். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள், உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். மந்திரம் வாயில் வந்தால் மூச்சோடு சேர்த்துச் சொல்லலாம். வராவிட்டால் விட்டுவிடுங்கள், மூச்சு மட்டும் போதும். சாமியைக் கட்டாயப்படுத்திக் கூப்பிட வேண்டியதில்லை. எத்தனை மணிக்கு நித்திரையானாலும் காலையில் எழும்புவது மட்டும் ஒரே நேரமாக இருக்கட்டும்.

கோயிலுக்கும் அப்படித்தான். நெஞ்சு அடைக்கிற வாசலுக்குள் உங்களை நீங்களே தள்ள வேண்டாம், ஒரேயடியாக முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம். ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் பக்கம் போனால் வீதியின் மற்றப் பக்கத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம். என்ன சொல்ல வேண்டும் என்று மனதில் வருகிறதோ, ஏச்சாக இருந்தாலும், ஒரு கொப்பியில் எழுதுங்கள்: ஏன் என் அப்பாவை விட்டுவிட்டாய் என்றே தொடங்குங்கள். அந்தக் கொப்பியை முதல் நாள் உளவளத்துணைக்குக் கொண்டு போங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முழிக்கிற நேரத்தில் அதை நீட்டினால் போதும்.

கிளினிக்குக்குப் போன பிறகு என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், அம்மா என்ன சொன்னார் என்பதையும். அம்மாவுக்கும் நித்திரை எப்படி என்று அன்றைக்கே டொக்டரிடம் கேட்டு வையுங்கள்.